தலையாட்டிகளும் தோழர்களும்: 'டிராகன் ஏஜ்' ஆட்டங்களில் கூட்டாளி என்னும் மற்றமை

1

வீடியோ கேம் பற்றியெல்லாம் இங்கே எழுதத்தான் வேண்டுமா என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் இருப்பார்கள். சினிமா பற்றி எழுதியபோதும் சுளித்தார்கள். துப்பறியும் கதை பற்றி எழுதியபோதும் சுளித்தார்கள். நாம் சுளித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவை தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன: யார் நல்லவன், யார் அழகு, யாருக்காக யார் சாகலாம் என்று மக்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தன. இன்று அந்த வேலையில் ஒரு பெரிய பங்கை வீடியோ கேம் எடுத்துக்கொண்டுவிட்டது. ஆகவே அதையும் ஒரு பிரதியாக வாசித்தாக வேண்டும்.

நாவலுக்கும் இதற்கும் முக்கியமான ஒரு வேறுபாடு உண்டு. நாவலில் நாயகன் மூன்றாம் ஆள். நாம் வேடிக்கை பார்ப்பவர்கள். இங்கே நாயகன் 'நான்'. என் விரல் அழுத்தினால் அவன் பேசுகிறான், கொல்கிறான், மன்னிக்கிறான். எனவே நாயகனுக்குப் பக்கத்தில் நிற்கிற கூட்டாளியும் எனக்காக, என் முகத்தைப் பார்த்து எழுதப்பட்டவர். ஒரு மனிதனிடம் இன்னொரு மனிதன் எதை எதிர்பார்க்கலாம் என்பதை அந்தப் பிரதி நமக்குப் பழக்கித் தருகிறது. இது வெறும் உத்தி சார்ந்த விஷயமல்ல. நட்பின் நுண் அரசியல் அங்கேதான் எழுதப்படுகிறது.

எடுத்துக்கொள்வது 'டிராகன் ஏஜ்' தொடர். கனடாவின் எட்மன்டன் நகரில் 1995-இல் தொடங்கப்பட்ட பயோவேர் நிறுவனத்தின் படைப்பு. அந்நிறுவனத்தை வாங்கப்போவதாக 'எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்' என்னும் பெருநிறுவனம் 2007-இல் அறிவித்தது. அன்றிலிருந்து அதன் கையில்தான். தொடரின் முதன்மை ஆட்டங்கள் நான்கு: 'ஆரிஜின்ஸ்' (2009), 'டிராகன் ஏஜ் 2' (2011), 'இன்க்விசிஷன்' (2014), 'தி வெய்ல்கார்ட்' (2024). மாயமும் மந்திரமும் கலந்த கற்பனை உலகம்தான். ஆனால் அந்த உலகத்தின் அடித்தளம் கற்பனை அல்ல. நிலம் பறிக்கப்பட்ட எல்ஃப் இனத்தார் நகரங்களில் சுவர் வைத்து ஒதுக்கிய சேரிகளில் வாழ்கிறார்கள். மந்திரம் அறிந்தவர்கள் பிறவிக் குற்றவாளிகளாகக் கோபுரங்களில் அடைக்கப்படுகிறார்கள். டெவின்டர் என்றொரு பேரரசு அடிமை உழைப்பில் நிற்கிறது. இப்படிப்பட்ட உலகத்தில் நம் நாயகர் ஒரு சிறு கூட்டம் சேர்த்துக்கொண்டு புறப்படுகிறார். வழியெல்லாம் சண்டை; இரவில் கூடாரத்தில் பேச்சு. அந்தப் பேச்சுக்காகவே இந்த ஆட்டங்களை ஆடியவர்கள் ஏராளம்.

2

முதல் ஆட்டத்தில் ஒவ்வொரு கூட்டாளிக்கும் ஒரு கணக்கேடு இருக்கிறது. கழித்தல் 100-லிருந்து கூட்டல் 100 வரை எண்கள். நாம் ஒருவருக்கு உதவினால் ஒரு கூட்டாளிக்குப் பிடிக்கும், எண் ஏறும். இன்னொருத்தருக்குப் பிடிக்காது, எண் இறங்கும். ஏறினதும் இறங்கினதும் திரையிலேயே தெரியும். எண் ஏறினால் அவர் தன் கதையைச் சொல்வார், சண்டையில் பலம் கூடும், சிலரோடு காதலும் வரும்.

இறங்கிப்போச்சா? கவலை வேண்டாம், பரிசு கொடுக்கலாம். மாரிகனுக்கு நகை, ஸ்டெனுக்கு ஓவியம், ஆக்ரனுக்குச் சாராயம். கிராமத்தை எரிய விட்டதற்குக் குறைந்த மதிப்பை ஒரு சங்கிலி வாங்கிக்கொடுத்து ஏற்றிவிடலாம். நட்பு இங்கே வரவு செலவு. சந்தையின் மொழி கூடாரத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

1807-இல் ஹெகல் ஆண்டான்–அடிமை உறவைப் பற்றிச் சொன்னது இங்கே பொருந்தும். ஆண்டானுக்கு அடிமையின் அங்கீகாரம் தேவை. ஆனால் மறுக்க முடியாத ஒருவன் தரும் அங்கீகாரத்துக்கு மதிப்பில்லை. அதைப் பெற்ற ஆண்டான் பெறாதவனாகவே நிற்கிறான். கூட்டாளியின் எண் 100-ஐத் தொட்டுவிட்டது. சரி. யார் நம்மை நேசிக்கிறார்? நாம் வாங்கிக்கொடுத்த சங்கிலியா?

இந்தக் கேள்வியை எழுப்பிக்கொண்டுதான் இத்தொடரை வாசிக்க வேண்டும். கூட்டாளி எத்தனை நகைச்சுவையாகப் பேசுகிறார், எத்தனை சோகமான கடந்தகாலம் வைத்திருக்கிறார் என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். 'மாட்டேன்' என்று சொல்ல அவருக்குப் பிரதியில் இடம் இருக்கிறதா? அந்த இடத்தை வைத்துத்தான் அவர் மற்றமையா, நம் நிழலா என்று தீர்மானிக்க முடியும்.

3

'ஆரிஜின்ஸ்' கணக்கேட்டை உருவாக்கிய அதே கையால் அதைக் கிழித்தும் போடுகிறது. அலிஸ்டர் என்னும் வீரனின் குருவும் தோழர்களும் லோகெய்ன் என்ற தளபதியின் துரோகத்தால் போரில் செத்தவர்கள். கடைசியில் நாம் லோகெய்னை மன்னித்து அணியில் சேர்த்துக்கொண்டால் அலிஸ்டர் கிளம்பிவிடுகிறார். எண் 100 இருந்தாலும் கிளம்பிவிடுகிறார். காதலே இருந்தாலும் கிளம்பிவிடுகிறார். அதுவரை சேர்த்த மதிப்பெண் எதற்கும் உதவாது. புனிதச் சாம்பல் வைத்த கலயத்தை நாம் அசுத்தப்படுத்தினால் வின் என்ற முதிய மந்திரக்காரி நம்மைச் சும்மா விடுவதில்லை; கூட இருந்தால் நம்மீதே ஆயுதம் எடுக்கிறாள். ஸ்டென் நம் தலைமையை ஏற்காத நிலையில் ஒரு கட்டத்தில் வழிமறித்து, 'நீ தலைவனாக இருக்க லாயக்கா' என்ற தோரணையில் சண்டைக்கு அழைக்கிறான்.

எல்லாவற்றிலும் கூர்மையானது ஷேலின் கதை. ஷேல் ஒரு கல் உருவம். அதை இயக்க ஒரு கோல் உண்டு. அந்தக் கோல் வைத்திருப்பவன் சொன்னதைச் செய்ய வேண்டிய இயந்திரம் அது. நாம் கோலை வாங்கிப் போய் எழுப்புகிறோம். எழுந்த பிறகுதான் தெரிகிறது, கோல் வேலை செய்யவில்லை. ஷேல் வருவது தன் விருப்பத்தில். அது நம்மை 'அவன்', 'அவள்' என்றுகூடச் சொல்வதில்லை, 'அது' என்கிறது. பொருளாக வைக்கப்பட்டிருந்த ஒன்று தன்னை எடுக்க வந்தவரைப் பொருளாக்கிப் பேசுகிறது. பிறகு ஒரு பட்டறைக் கல்லுக்கு முன் வந்து நிற்கிறோம். உயிருள்ள குள்ளர்களைக் கல்லில் அடைத்து இந்த அடிமைப் படையைச் செய்ய உதவியது அந்தக் கல். போருக்குப் பயன்படும் என்று நாம் அதைக் காப்பாற்ற நினைத்தால், கூட இருக்கும் ஷேல் நம்மைத் தாக்குகிறது. தன் வரலாற்றை அறிந்துகொண்டவரின் 'மாட்டேன்' அது.

நம் மொழியின் அகத்திணை மரபில் பாங்கனுக்கும் தோழிக்கும் இதே இடம் துறையாகவே வகுக்கப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. பாங்கன் தலைவனைக் கழறுவான். பரத்தையிடம் போய்த் திரும்பிய தலைவனுக்குத் தோழி வாயில் மறுப்பாள். இடித்துரைக்கிற நாக்கு இருந்ததால்தான் அந்தப் பாத்திரங்களுக்கு உயிர் இருக்கிறது. ஆனால் அந்த மரபின் எல்லையும் அங்கேயே தெரிகிறது. தலைவியின் காதலுக்காகப் பேசிப் பேசித் தேய்ந்த தோழிக்குத் தனக்கென்று ஒரு காதல் அங்கே பாடப்படவில்லை. அவள் மறுப்பது தலைவிக்காக, தனக்காக அல்ல. ஷேலின் மறுப்பு தனக்கானது.

'இதெல்லாம் எழுத்தாளர் முன்கூட்டியே எழுதிவைத்த மறுப்புதானே, இதிலென்ன சுதந்திரம்' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தஸ்தயெவ்ஸ்கியின் பாத்திரங்களும் எழுதிவைக்கப்பட்டவர்கள்தான். 1929-இல் பக்தின் அவர் நாவல்களைப் பற்றி எழுதியபோது கேட்டது வேறு: ஆசிரியரின் குரலுக்கு அடங்காமல் எதிரே நின்று பேசும் குரலுக்குப் பிரதியின் அமைப்பில் இடம் இருக்கிறதா? ஆட்டத்தில் ஆசிரியரின் நாற்காலியில் பாதியை ஆடுபவரே பிடித்துக்கொள்கிறார். ஆகவே கேள்வி இப்படி மாறுகிறது: ஆடுபவரின் விரலுக்கு எட்டாத ஓர் இடம் கூட்டாளியிடம் இருக்கிறதா? சேமித்துவைத்த பழைய கட்டத்துக்குத் திரும்பிப் போய் அலிஸ்டரை மீட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் தான் எதை அழித்துவிட்டு அவரை வைத்துக்கொண்டோம் என்பது ஆடியவருக்குத் தெரியும்.

4

இரண்டாம் ஆட்டம் அவசரத்தில் செய்யப்பட்டது. ஒரே குகைக்குள் பத்துமுறை போய்வர வேண்டியிருக்கும். அதைக் கேலி செய்தவர்கள் பலர். கூட்டாளிகளைப் பொறுத்தவரை இத்தொடர் எட்டிய உச்சம் அதுதான் என்பது என் வாசிப்பு.

முதலில், கதை சொல்பவரே கூட்டாளிதான். வாரிக் என்னும் குள்ளர் விசாரணை அறையில் உட்கார்ந்து, கஸாண்ட்ரா என்ற அதிகாரியிடம் ஹாக் என்னும் நாயகரின் கதையைச் சொல்கிறார். கொஞ்சம் அளந்துவிடுவார், மாட்டிக்கொள்வார், திருத்துவார். ஆக, 'நான்' ஆடும் 'நான்' என்பதே என் நண்பன் வாயில் பிறந்தது. மையம் விளிம்பின் கதையாடலில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவதாக, கணக்கேடு மாற்றி எழுதப்பட்டது. ஒரு முனையில் நட்பு, மறுமுனையில் 'எதிரிணை'. எண் இறங்கினால் உறவு கெட்டுப்போவதில்லை. வேறு வகை உறவாக ஆழப்படுகிறது. நம் எல்லா முடிவுகளையும் எதிர்த்துக்கொண்டே, நம்மை மதித்து, நமக்குப் பக்கத்தில் நின்று சண்டை போடும் ஒருவர். பாதியில் ஓடிப்போகும் இசபெலா என்ற கடற்கொள்ளைக்காரி திரும்பி வருவாளா என்பது அவள் நம்மோடு ஒத்துப்போனாளா என்பதை மட்டும் வைத்து முடிவாவதில்லை. நட்பாகவோ எதிரிணையாகவோ, உறவு ஆழமாக இருந்தால் வருவாள். மேலோட்டமாக இருந்தால் போனவள் போனவள்தான். ஒத்துப்போவது வேறு, உறவு வேறு. மாற்றுக்கருத்துச் சொன்னவனை மறுநாளே துரோகி ஆக்கிப் பழகிய எந்த இயக்கத்துக்கும் இந்தச் சின்ன எந்திரம் கற்றுத்தர ஒன்று வைத்திருக்கிறது.

மூன்றாவது, ஆண்டர்ஸ். கோபுரச் சிறையிலிருந்து தப்பிய மந்திரக்காரர்; ஏழைகளுக்கு மருத்துவம் பார்ப்பவர். ஆட்டத்தின் இறுதியில் கிர்க்வால் நகரின் தலைமைத் தேவாலயத்தை வெடிவைத்துத் தகர்க்கிறார். நடுவே நிற்பதற்கு இனி யாருக்கும் இடம் இருக்கக் கூடாது என்பது அவர் வாதம். நாம் அவருக்குக் காதலராக இருந்தாலும் வெடிக்கிறது. எதிரிணையாக இருந்தாலும் வெடிக்கிறது. உதவி கேட்டபோது மறுத்தாலும் வெடிக்கிறது. நம்மிடம் முழு உண்மையைச் சொல்லவும் இல்லை. அதன் பிறகுதான் நம் கையில் முடிவு தரப்படுகிறது: கொல்வதா, துரத்துவதா, கூட வைத்துக்கொள்வதா. ஆடியவர்களில் பலர் கொதித்துப்போனார்கள். நான் இவ்வளவு செய்தேனே, என்னை ஏமாற்றிவிட்டானே என்று. அந்தக் கொதிப்புதான் முக்கியம். ஆண்டர்ஸ் செய்தது சரியா என்பது தனி விவாதம். அப்பாவிகள் செத்தார்கள் என்பதை ஆட்டமும் மறைக்கவில்லை. ஆனால் அவருடைய அரசியல் என் அனுமதிக்காகக் காத்திருக்கவில்லை. ஒடுக்கப்பட்டவரின் போராட்டத்துக்கு நான் நாயகன் அல்ல என்பதை ஒரு வணிக ஆட்டம் 2011-இல் முகத்தில் அறைந்த மாதிரி சொல்லியது.

இதே ஆட்டம் எதிர்த்திசையிலும் நம்மைச் சோதிக்கிறது. ஃபென்ரிஸ் டெவின்டரில் அடிமையாக இருந்து தப்பி வந்தவர். ஒருநாள் அவருடைய பழைய எஜமான் தேடிவந்து, திருப்பித் தா என்கிறான். சண்டை போட்டு அவனைக் கொல்லலாம். ஃபென்ரிஸை அவனிடம் ஒப்படைத்தும் விடலாம். ஆம், அந்தத் தேர்வு திரையில் இருக்கிறது. நம் அதிகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பிரதி பூசி மெழுகாமல் காட்டிவிடுகிறது: கூட்டாளி என்று அழைத்த ஒருவரை விலங்கில் திரும்பப் பூட்டுகிற தூரம் வரை.

5

2014-இல் நாயகர் ஒரு நிறுவனத்தின் தலைவராகிறார். அவருக்குக் கோட்டை இருக்கிறது, ஒற்றர்கள் இருக்கிறார்கள், சிம்மாசனத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறார். கூட்டாளிகள் கோட்டையில் ஆளுக்கொரு மூலையில் நம் வருகைக்காக நிற்கிறார்கள். கூடாரத்தில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் இப்போது தர்பாரில் இருக்கிறார்கள். எதிரிணை என்ற கண்டுபிடிப்பு கைவிடப்பட்டது. எண்ணும் மறைந்தது, 'இன்னார் ஒப்புகிறார்', 'இன்னார் சற்றே மறுக்கிறார்' என்ற வாசகம் மட்டும் திரையோரத்தில் வந்துபோகிறது. கணக்கேடு ஒழியவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

ஆனாலும் எழுத்தில் பழைய முரட்டுத்தனம் மிச்சமிருந்தது. டோரியனைப் பாருங்கள். டெவின்டர் பிரபு குடும்பத்தில் பிறந்தவர், ஆண்களை நேசிப்பவர். அவர் தந்தை இரத்த மந்திரம் வைத்து அவருடைய இயல்பையே மாற்ற முனைந்தார். அந்தக் காயத்தோடு வீட்டை விட்டு வந்தவர். அதே டோரியனிடம் அடிமை முறை பற்றிக் கேட்டால் சப்பைக்கட்டுக் கட்டுகிறார். உங்கள் தெற்கத்திச் சேரி ஏழைகளைவிட எங்கள் அடிமைகளின் நிலை அப்படியொன்றும் மோசமில்லை என்ற தொனியில் பேசுகிறார். ஒடுக்கப்பட்ட அடையாளமும் ஒடுக்கும் வர்க்கமும் ஒரே உடம்பில் குடியிருக்கின்றன. அவரை நேசிக்கவும் வேண்டும், அவரோடு சண்டையும் போட வேண்டும். 'பிரதிநிதித்துவம்' என்ற சொல்லை மந்திரம்போல ஓதுகிறவர்கள் இந்த உரையாடலை இரண்டுமுறை கேட்பது நல்லது.

அயர்ன் புல் என்பவர் குனாரிகளின் ஒற்றர். அதை முதல் நாளே சொல்லிவிட்டு வருபவர். ஒரு கட்டத்தில் அவருடைய கூலிப்படைத் தோழர்களைக் காப்பதா, குனாரிகளின் போர்க்கப்பலைக் காத்து உடன்படிக்கையைக் காப்பதா என்று நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். கப்பலைத் தேர்ந்தால் உடன்படிக்கை கிடைக்கும், தோழர்கள் சாவார்கள். புல் ஒன்றும் சொல்வதில்லை. 2015-இல் பின்னிணைப்பாக வந்த 'ட்ரெஸ்பாசர்' பகுதியில் குனாரிகளிடமிருந்து ஓர் உத்தரவு வருகிறது. புல் நமக்கெதிராகத் திரும்புகிறார். காதல் இருந்தாலும் திரும்புகிறார். அவருக்கென்று இருந்தவர்களை ஆதாயத்துக்காகக் கொன்றோம். அமைப்பு மட்டுமே அவருக்கு மிஞ்சியது. அமைப்பு அழைத்தபோது போய்விட்டார். துரோகம் யாருடையது?

சோலாஸும் அப்படியே. நிலமும் மொழியும் இழந்த எல்ஃப் இனத்தின் பழங்கடவுள், யாருமற்ற அறிஞனாக வேடமிட்டு நம்மோடு அலைகிறார். எவ்வளவு நெருங்கினாலும் கடைசியில் போய்விடுகிறார். நம் உலகத்தை அழித்துத் தன் உலகத்தை மீட்கும் திட்டம் அவருடையது. நம் நட்பு அவருடைய திட்டத்தை மாற்றவில்லை. விடைபெறும் குரலை மட்டும்தான் மாற்றுகிறது.

வீழ்ச்சியின் விதையும் இதே ஆட்டத்தில்தான் விழுந்தது. கோல் என்பவன் ஆவியா, மனிதனா? வாரிக் ஒன்று சொல்கிறார், சோலாஸ் வேறொன்று சொல்கிறார். முடிவு செய்வது யார்? கோல் அல்ல, நாம். இன்னொருவர் என்னவாக இருக்க வேண்டும் என்பதை நாயகரிடம் கேட்டு நிரப்பும் படிவம் ஒன்று அங்கே அச்சிடப்பட்டுவிட்டது.

6

பத்து ஆண்டு கழித்து, 2024 அக்டோபர் 31-இல் வந்த 'வெய்ல்கார்ட்' அந்தப் படிவத்தை எல்லாருக்கும் விநியோகித்தது. கூட்டாளிகள் ஏழு பேர். ஏறக்குறைய ஒவ்வொருவர் கதையும் ஓர் இருபிளவுக் கேள்வியில் முடிகிறது. எம்ரிக் சாவைக் கடப்பதா, தன் பிரியமான எலும்புக்கூட்டு உதவியாளனை உயிர்ப்பிப்பதா? நாயகரைக் கேள். டாஷ் தாய்வழிக் குனாரி மரபில் நிற்பதா, வளர்ந்த ரிவைன் மண்ணோடு நிற்பதா? நாயகரைக் கேள்.

டாஷ் ஆண் பெண் என்ற இருமைக்குள் அடங்காதவர். இதற்காகவே இந்த ஆட்டத்தின்மீது வலதுசாரிக் கும்பல் ஒன்று வெறுப்பைக் கொட்டியது. அந்தக் கும்பலோடு நமக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை. அப்படி ஒரு பாத்திரம் வந்தது நல்லது. தன் பாலினத்தைப் பிரதியில் டாஷே அறிவித்துக்கொள்கிறார் என்பதும் நல்லது. நம் விமர்சனம் வேறு இடத்திலிருந்து வருகிறது. பாலின இருமையை மறுக்கும் ஒருவருக்குப் பண்பாட்டு இருமையைத் திணித்து, அதில் எது என்று அடுத்தவர் விரலால் தேர்ந்தெடுக்கச் சொல்வது என்ன விடுதலை? இரண்டு பண்பாடுகளுக்கிடையில் வளர்ந்த எவரிடமும் போய், இதில் ஒன்றை உனக்காக நான் தீர்மானிக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். செருப்படிதான் கிடைக்கும். டாஷ் நன்றி சொல்கிற இடத்தில் எழுதப்பட்டிருக்கிறார்.

சண்டையின் அமைப்பிலும் இதே கதைதான். முதல் மூன்று ஆட்டங்களில் கூட்டாளிக்கு உயிர்க்கோடு இருந்தது. அடிபட்டு விழுவார், தூக்கிவிட வேண்டும். 'வெய்ல்கார்ட்'டில் அவருக்கு உயிர்க்கோடு கிடையாது. அவர் விழுவதில்லை. நாம் அழுத்தும்போது அவருடைய வித்தை ஒன்று வெளிப்படுகிறது, அவ்வளவுதான். கதையின் கடைசியில் சாவுகள் உண்டு; ஹார்டிங், டாவ்ரின் இருவரில் யாரை இரண்டாம் அணிக்குத் தலைமையேற்க அனுப்புகிறோமோ அவர் சாகிறார். அந்தச் சாவும் நம் உத்தரவில் வருவது. நம் கொள்கை பிடிக்கவில்லை என்று முரண்பட்டு நிரந்தரமாக வெளியேறுபவர் ஒருவரும் இல்லை. ஒருவர்மீது ஒருவர் பெரிதாகக் கோபப்படுவதும் இல்லை. உணவு, புத்தகம் பற்றிச் சின்னச் சின்ன உரசல்கள், உடனே சமாதானம். கதை நடக்கும் இடங்களில் ஒன்றோ டெவின்டரின் தலைநகர். மூன்று ஆட்டங்களாக நமக்குச் சொல்லப்பட்ட அந்த அடிமைப் பேரரசுக்குள் கடைசியில் நுழைகிறோம். அடிமை முறை பேச்சில் வந்துபோகிறது. தெருவில் அதன் உடல்கள் அநேகமாகக் கண்ணில் படுவதில்லை. அடிமைத்தனத்துக்குச் சப்பைக்கட்டுக் கட்டும் கூட்டாளியும் இல்லை, அதற்காகக் கட்டடத்தைத் தகர்க்கும் கூட்டாளியும் இல்லை. எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் நம் பக்கம்.

இந்த இடத்தில்தான் வாரிக். (கதை முடிச்சை அவிழ்க்கிறானே என்று கோபித்துக்கொள்ள வேண்டாம், அவிழ்க்காமல் விமர்சனம் செய்ய முடியாது.) ஆட்டத்தின் தொடக்கத்தில் சோலாஸைத் தடுக்கப் போய் வாரிக் குத்துப்படுகிறார். பிறகு நாயகரின் இருப்பிடத்தில் படுத்தபடி நமக்கு ஆறுதலும் அறிவுரையும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மற்றவர்கள் யாரும் அவரோடு பேசுவதில்லை, நாம் கவனிப்பதில்லை. ஆட்டம் முடியப்போகும் தறுவாயில் தெரியவருகிறது: அந்தக் குத்திலேயே வாரிக் செத்துவிட்டார். நாம் பேசிக்கொண்டிருந்தது சோலாஸ் இரத்த மந்திரத்தால் நம் மனத்தில் ஏற்படுத்திய மயக்கத்தோடு.

பிரதி தன் நனவிலியை இதைவிட வெளிப்படையாக ஒப்புக்கொள்ள முடியாது. 2011-இல் நாயகரையே கதையாகச் சொன்னவர் வாரிக். 2024-இல் அவர் நாயகரின் தலைக்குள் மட்டும் இருப்பவர், நாயகர் கேட்க விரும்புவதை மட்டும் சொல்பவர், எதையும் மறுக்காதவர். முழுக்க முழுக்க ஒத்துப்போகும் கூட்டாளி எப்படி இருப்பார் என்று இந்த ஆட்டமே சொல்லிவிட்டது. செத்துப்போனவராக இருப்பார்.

7

எழுத்து எங்கே தேய்ந்தது என்று கேட்பவர்கள், எழுதியவர்களுக்கு என்ன ஆயிற்று என்றும் கேட்க வேண்டும். தொடக்க ஆட்டங்களின் தலைமை எழுத்தாளராக இருந்த டேவிட் கைடர் 2016-இல் பயோவேரை விட்டு விலகினார். எழுத்தாளர்களைச் செலவுபிடித்த சுமையாக அங்கே உள்ளுக்குள் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்று பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். வாரிக்கை எழுதியவர் மேரி கிர்பி. 2023 ஆகஸ்டில் பயோவேர் ஏறத்தாழ 50 பேரை வெளியே அனுப்பியபோது அவரும் அனுப்பப்பட்டார். எட்மன்டனில் ஒப்பந்தத்தின் பேரில் பயோவேருக்காக ஆட்டங்களைச் சோதித்துக்கொடுத்த தொழிலாளர்கள் 2022-இல் சங்கம் அமைத்தார்கள். 2023-இல் அந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை, அவர்கள் வேலையும் போயிற்று.

'வெய்ல்கார்ட்' வெளிவந்த காலாண்டில் 15 லட்சம் பேர் அதை ஆடியதாகவும், அது எதிர்பார்ப்பைவிட ஏறத்தாழ 50 சதவீதம் குறைவு என்றும் 'எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்' அறிவித்தது. 2025 ஜனவரியில் மீண்டும் ஆட்குறைப்பு. சோலாஸ், அயர்ன் புல், கோல், டாஷ் ஆகியோரை எழுதிய ட்ரிக் வீக்ஸும் அதில் வெளியேற்றப்பட்டார்.

ஒன்றுக்கொன்று நேரடியான காரணம் என்று கோடு இழுக்கத் தேவையில்லை. இரண்டும் ஒரே தர்க்கத்தில் இயங்குவதைப் பார்த்தால் போதும். கூட்டாளிக்கு மதிப்பெண் போடும் எந்திரமும் எழுத்தாளருக்கு மதிப்பெண் போடும் எந்திரமும் ஒன்றுதான். எண் ஏறினால் அன்பு, இறங்கினால் வாசல். வெளியேறும் உரிமை முதலாளியிடம் 'வெளியேற்றும் உரிமை'யாகக் குவிந்திருக்கும் இடத்தில், வெளியேறும் உரிமையுள்ள பாத்திரங்களை எத்தனை நாள் எழுத முடியும்? வாடிக்கையாளர் மனம் நோகக் கூடாது என்பது கடைக்காரரின் விதி. அந்த விதியின் கீழ் ஆண்டர்ஸ் இரண்டாவது முறை பிறக்க மாட்டார்.

இங்கே எழுதுகிறவர்களும் இயக்கத்தில் நிற்கிறவர்களும் இதை வாசிக்கிறீர்கள். ஒடுக்கப்பட்டவரை நம் கதைகளில் கொண்டுவந்து நாயகருக்குப் பக்கத்தில் நிறுத்துவதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிற பழக்கம் நமக்கும் உண்டு. அவர் நிறம் சரியாக இருக்கிறதா, பாலினம் சரியாக இருக்கிறதா, வலி சரியாக இருக்கிறதா என்று சரிபார்க்கிறோம். அவர் எழுந்து, உன்னுடைய கதை எனக்கு வேண்டாம், நான் போறேன் என்று சொன்னால் அந்தக் கதை தாங்குமா என்று பார்ப்பதில்லை. கோல் நம் கையில் இருக்கிற வரைக்கும் அவருக்கு நாம் எந்த முகம் கொடுத்தாலும் அது கல் முகம்தான்.